ஜனவரிக் கணக்கு மட்டும் போதுமா?

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கிறது. குளிர்காலத்தைக் கழிக்க வந்திருக்கும் பறவைகளை எண்ண அது பொருத்தமான மாதம்தான். ஆனால் மார்ச், ஏப்ரலில் கோலசிலாங்கூர் கரையோரம் நடப்பதை அந்தக் கணக்கு காட்டாது. நமக்குத் தெற்கே தங்கியிருந்த கரைப்பறவைகளும் வடக்கே சைபீரியாவை நோக்கித் திரும்பும் காலம் அது. இந்த இரண்டு மாதங்களிலும் நம் பள்ளி அறிவியல் கழகங்கள் பறவைகளை எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

காலையில் கிளம்புமுன் கடல் நீர் ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் சேற்றில் வெகுதூரம் தள்ளி இரை தேடும். வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏற ஏறக் கரைப்பக்கம் வரும். அப்போதுதான் நிறம் தெரியும். ஜனவரியில் சாம்பல் பழுப்பாக இருந்த சிறிய உப்புக்கொத்தியின் மார்பு ஏப்ரலில் செங்கல் நிறமாகியிருக்கும். பொன்னிற உப்புக்கொத்திக்கு வயிறு கறுத்திருக்கும். முட்டையிடப் போகும் பறவையின் உடை அது.

சேறு முழுவதும் மூழ்கிவிட்டால் அவை எங்கே போகும்? குளங்கள், வெற்று நிலம், அறுவடை முடிந்த வயல் என உள்ளே வந்து ஓய்வெடுக்கும். கரையை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பது இதனால்தான். ஆகவே மதியத்துக்கு மேல் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களையும் பாருங்கள்.

மாலையில் தோட்டம். செம்பனைக்குள் என்ன பறவை என்று சிலர் சிரிப்பார்கள். காட்டில் உள்ள அளவுக்கு இல்லை, உண்மை. ஆனாலும் மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் உட்கார்ந்திருக்கும். எலி பிடிக்க வைத்த கூண்டுப் பெட்டியில் வெண்ணாந்தை இருக்கலாம். (அபசகுனம் என்று பாட்டி சொன்னாலும் அது தோட்டத்தின் நண்பன்.) எலி விஷம் வைத்த இடத்தில் அந்த ஆந்தையும் சாகலாம். பெட்டி காலியாக இருந்தால் அதையும் எழுதுங்கள். பூஜ்யமும் ஒரு தகவல்தான்.

எண்ணி என்ன பயன் என்று கேட்கலாம். தென்கொரியாவின் சேமாங்கமில் 33 கிலோமீட்டர் கடற்சுவர் 2006 ஏப்ரலில் மூடப்பட்டது. 2008 வரை ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் பறவைகளை எண்ணினார்கள். கிரேட் நாட் என்னும் கரைப்பறவை பெருமளவில் குறைந்தது அதனால்தான் தெரியவந்தது. வேறு சேற்றுநிலத்துக்கு இடம் மாறியிருக்கும் என்று சொல்லவும் வழியில்லை. ஆஸ்திரேலியாவிலும் அதன் எண்ணிக்கை சரிந்திருந்தது. நம் கரையிலும் இறங்கும் பறவை அது.

தொலைநோக்கி ஒன்றைக் குழுவாகப் பகிர்ந்துகொள்ளலாம். தேதி, இடம், தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எந்த இனம், எத்தனை என்று குறித்து, ஆசிரியரோடு சேர்ந்து இ-பேர்ட் தளத்தில் பதியுங்கள். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம். 'கரைப்பறவை, 40' என்றாலே போதும். அடுத்த ஏப்ரலில் அதே இடத்தில், நீர் அதே அளவு ஏறியிருக்கும்போது மறுபடியும் எண்ணுங்கள்.