சாயக் கழிவை ஆற்றில் திறப்பவன் குற்றவாளி இல்லையா?

தோப்பில் இரண்டு தேங்காய் திருடியவன் அகப்பட்டால் மரத்தில் கட்டி வைத்து உதைக்கிறார்கள். பிறகு போலீசில் ஒப்படைக்கிறார்கள். நள்ளிரவில் சாயக் கழிவை ஓடையில் திறந்துவிட்டு அந்தத் தோப்பையே சாகடிப்பவனுக்கு என்ன பெயர்? தொழிலதிபர்! ஊர்த் திருவிழாவில் முதல் மாலை அவனுக்குத்தான்!

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரின் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்து, நாமக்கல் ஜில்லா வழியாகக் காவிரிக்குப் போகிறது திருமணிமுத்தாறு. மழை பெய்தால் அதில் வெள்ளம் வருவதற்கு முன்பே நுரை வருகிறது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் காவிரிக்கே இந்தக் கதி. அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடித்தார்கள் என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி இடித்தார்களாம்! இடித்தது மறுபடி முளைக்காமல் மறுபடி இடிப்பது எப்படி? அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே கரூர், திருச்சி ஜனங்கள் குடிக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ல் நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. 1982-ல் தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகு, 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. காவிரிக்கும் அதன் கிளை நதிகளுக்கும் 5 கிலோமீட்டருக்குள் சாயப்பட்டறை போன்ற ஆலைகள் புதிதாக வரக்கூடாது என்று 1998-ல் அரசாணையே போட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய்! அந்த 1986 சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை என்று ஒரு பல் இருந்தது. அதையும் 2023-ல் ‘ஜன் விஸ்வாஸ்’ என்ற சட்டம் பிடுங்கி எறிந்தது. 2024 ஏப்ரல் முதல் ரூ.10,000-லிருந்து ரூ.15 லட்சம் வரை அபராதம் கட்டினால் போதும். ‘மக்கள் நம்பிக்கை’ என்று அதற்குப் பெயர். எந்த மக்களுடைய நம்பிக்கை, ஐயா?

“புகார் செய்தால் பட்டறையை மூடுவார்கள், உன் பிழைப்பு போகும்” என்று முதலாளி பயமுறுத்துகிறான். திருப்பூரைப் பாருங்கள். நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாகிவிட்டது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சுத்திகரிப்பதாகச் சொல்லிச் சொல்லி முதலாளிகள் வருஷக்கணக்கில் காலம் கடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. தெருவில் நின்றவன் தொழிலாளி! அவன் வேலையைப் பறித்தது புகார் கொடுத்த விவசாயியா, சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடித்த முதலாளியா?

எந்த வால்வு, எத்தனை மணிக்குத் திறக்கிறது, எந்த டேங்கர் லாரி எங்கே கொட்டுகிறது என்று எந்த எஞ்சினீயரை விடவும் பட்டறைத் தொழிலாளிக்குத் தெரியும். நிறம் போய்விட்டால் தண்ணீர் சுத்தம் என்று ஏமாறாதீர்கள். உப்பு கரைந்தே நிற்கும். லிட்டருக்கு 2100 மில்லிகிராம் கரைபொருளுக்கு மேல் வெளியே விடக்கூடாது என்பது விதி. கிணற்று நீரில் சோப்பு நுரைக்கவில்லையா, காய்ந்த வயலில் வெள்ளையாகப் பூக்கிறதா, பயிரின் இலை நுனி கருகுகிறதா, சந்தேகப்படுங்கள். ஜவ்வரிசி ஆலைப் பக்கம் புளித்த நாற்றமே சாட்சி. மரவள்ளியில் விஷம் உண்டு என்பதை, அதைத் தின்று மாடு செத்ததைப் பார்த்த உழவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாமே பாட்டிலில் பிடித்த தண்ணீர் கோர்ட்டில் நிற்காது. வாரிய அதிகாரி வந்து, ஆலைக்காரன் தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரை வைத்தால்தான் அது சாட்சியம். ஆகவே கழிவு ஓடும்போதே கூப்பிட வேண்டும். சேலம், நாமக்கல், குமாரபாளையம் மூன்று ஊர்களிலும் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. தேதி, நேரம், சர்வே நம்பர் எழுதுங்கள். செல்போனில் படம் எடுங்கள். அவர்கள் அசையவில்லையா? நீர்ச் சட்டத்தின் 49-வது பிரிவின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனே கோர்ட்டுக்குப் போகலாம். ஆலைக்கு அனுமதி உண்டா என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஒற்றை ஆளாகப் போகாதீர்கள், தோழர்களே! மணல் கொள்ளை பற்றிப் போலீசில் புகார் கொடுத்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை 2023 ஏப்ரலில் அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர்! கல் குவாரிக் கொள்ளையை எதிர்த்து மனுக் கொடுத்துவந்த திருமயம் ஜகபர் அலி 2025 ஜனவரியில் லாரி மோதி இறந்தார்; அது விபத்தல்ல, கொலை என்றே வழக்குப் பதிவாயிற்று. மனுவில் ஒரு பெயர் இருந்தால் அந்த ஒருவனைத் தேடி வருவார்கள். தறிக்காரர், சாயத் தொழிலாளி, கூலி விவசாயி, தண்ணீர் சுமக்கும் பெண்கள் எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். சங்கத்தின் பெயரில், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கூட்டமாகப் போய்க் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.