ஒரு பொட்டுக்கு எதற்கு முழு மேக்கப்?

புதுக் கார் வாங்கிய வீட்டில், முதல் கீறல் விழுகிற அன்று ஒரு சின்ன துக்கம் நடக்கும். கார்க்காரர் அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். அழுக்காக இருந்து போய்விடாதா என்ற நப்பாசைதான். போகாது. முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு பொடிக்கல் பறந்து வந்து பானெட்டில் பட்டிருக்கும். மிளகு அளவுக்கு பெயிண்ட் பெயர்ந்து, உள்ளே சாம்பல் நிறமோ தகரமோ தெரியும். "விடுங்க தம்பி, திருஷ்டி கழிஞ்சுதுன்னு நினைச்சுக்குங்க" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் தேற்றிவிட்டுப் போவார்.

திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, அதற்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். சிலர் அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிடுவார்கள். கொஞ்சம் காசு உள்ளவர்கள் ஒர்க்‌ஷாப்பில் விட்டு "பானெட் முழுக்க பெயிண்ட் அடிச்சிருங்க" என்பார்கள். மூன்றுமே தவறு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டச்-அப் பெயிண்ட் பாட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை இது. அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. பெயிண்ட் எதற்காக இருக்கிறது என்பதிலேயே குழப்பம் இருக்கிறது.

பெயிண்ட் அழகுக்கு மட்டும்தானா?

காரின் மேல் தெரிவது ஒரே நிறம். ஆனால் அது ஒரே பூச்சு இல்லை. இரும்புத் தகடாலான பாடியை முதலில் கழுவி பாஸ்பேட் கரைசலில் முக்கி எடுப்பார்கள். பிறகு பாடி முழுவதையும் ஒரு பெரிய தொட்டியில் மூழ்கடித்து, மின்சாரம் செலுத்தி முதல் பூச்சைப் படிய வைப்பார்கள். தூரிகையும் ஸ்ப்ரேயும் எட்டாத இடுக்குகளுக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்வது இந்தப் பூச்சுதான். துருவைத் தடுக்கிற முக்கியமான காவல்காரன் இதுவே. இதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட்.

இத்தனையும் சேர்ந்தால் எவ்வளவு தடிமன் வரும்? பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு கூட முழுசாக இல்லை. ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கும் மழைக்கும் நடுவில் நிற்பது அந்த மெல்லிய தோல்தான்.

கல் பட்டு அதில் ஒரு துளை விழுந்தால், தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொடும். துரு பிடிக்க இந்த இரண்டும் போதும். உப்பும் சேர்ந்தால் வேகம் கூடிவிடும். சென்னையில் கடலோரம் குடியிருப்பவர்கள், ஈசிஆரில் தினமும் போய்வருபவர்கள், தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கத்துக்காரர்கள் எல்லாம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே இதைப் புரிந்துகொள்வார்கள். கார் மட்டும் வேறு இரும்பிலா செய்திருக்கிறது?

துருவிடம் இன்னொரு கெட்ட குணம் உண்டு. அது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் துளையின் ஓரத்தில் இருக்கும் நல்ல பெயிண்டையும் அடியிலிருந்து தூக்கிவிடும். தூக்கிய இடத்தில் மறுபடி தண்ணீர் புகும், மறுபடி துரு, மறுபடி பெயர்ச்சி. மிளகாக இருந்தது கொட்டைப்பாக்கு அளவுக்கு வளர்வது இப்படித்தான். இன்றைய கார்கள் பலவற்றில் தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு இருப்பதால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். ஆனால் அதுவும் கரைகிற பொருள்தானே, எத்தனை நாளைக்கு?

ஸ்டிக்கர் ஒட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஸ்டிக்கரின் ஓரம் வழியாகப் புகும் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டால், அடியில் துரு யார் கண்ணிலும் படாமல் வளரும். புண்ணைக் கழுவாமல் மேலே பிளாஸ்திரி ஒட்டுவது போலத்தான்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய பம்பர்கள் பிளாஸ்டிக். அதில் எத்தனை புள்ளி விழுந்தாலும் துரு பிடிக்காது. அங்கே பெயிண்ட் போனால் அழகுப் பிரச்சினை மட்டும்தான், அவசரமே இல்லை. பானெட், கதவு ஓரம், சக்கரத்தின் மேல் வளைவு, ஏ-பில்லர், கூரையின் முன் ஓரம் இவைதான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

முழு பெயிண்ட் அடித்தால் என்ன தப்பு?

"அரைகுறையா பொட்டு வைக்கறதுக்கு மொத்தமா அடிச்சிட்டா புதுசு மாதிரி ஆயிடும்ல?" என்று கேட்பார்கள். ஆகாது.

தொழிற்சாலையில் வெறும் பாடியாக இருக்கும்போது, மின் பூச்சை 160 முதல் 180 டிகிரி வரையிலும், மேல் பூச்சை 140 டிகிரி அளவிலும் சூளையில் சுடுவார்கள். முழுக் காராக, உள்ளே சீட்டும் ஒயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பிறகு அந்தச் சூட்டில் வைக்க முடியாது. அதனால் நல்ல ஒர்க்‌ஷாப்பின் பெயிண்ட் பூத்தில்கூட 60 டிகிரி அளவில்தான் உலர்த்துவார்கள். அதற்கென்றே தனி பெயிண்ட் இருக்கிறது, நல்ல கையில் அது நன்றாகவும் வரும். ஆனால் ஒரு மிளகு அளவுப் புள்ளிக்காகப் பானெட் முழுவதும் இருக்கும் நல்ல கம்பெனி பெயிண்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் வேறொன்றை அடிப்பது எந்த ஊர் நியாயம்? போன கம்பெனி பூச்சு திரும்பி வராது.

அதுவும் நல்ல கையில் கொடுத்தால்தான். தெருமுனை ஷெட்டில் பட்டி பார்த்து அடித்தால், தூசி ஒட்டும், பக்கத்துக் கதவோடு ஷேட் ஒத்துப்போகாது, இரண்டு வருஷத்தில் கிளியர் கோட் உரிய ஆரம்பிக்கும். ரோட்டில் போகிற கார்களைக் கவனித்தால் பானெட் மட்டும் சோகை பிடித்தது போல் வெளுத்திருக்கும் வண்டிகள் எத்தனை என்று தெரியும்.

விற்கும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். பழைய கார் வாங்குபவர்கள் இப்போது கையில் ஒரு சின்ன மீட்டரோடு வருகிறார்கள். தகட்டின் மேல் வைத்தால் பெயிண்டின் தடிமனைச் சொல்லிவிடும். 120 காட்ட வேண்டிய பானெட் 280 காட்டினால் உடனே சந்தேகம் வரும். "எங்கேயோ இடிச்சிருக்கீங்க" என்பார்கள். இல்லை சார், கல்லு பட்ட புள்ளிதான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள், விலையில் கழிப்பார்கள். வெளியே தெரிகிற நாலு பொட்டு நேர்மையான வயசுக் குறி. மொத்தமாக அடித்த பெயிண்டோ எதையோ மறைத்தது போலத் தோன்றும். மறைக்க ஒன்றும் இல்லாதவர் எதற்காக அந்தச் சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

"இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாமே" என்பது அடுத்த யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தால் கட்டுப்படியாகாது. இந்தியாவில் ஒரு வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால், சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அது வருஷா வருஷம் 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருஷம் 50 சதவீதம் ஆகும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால், தனியாகப் பாதுகாப்பு எடுத்திருந்தால் தவிர, அடுத்த புதுப்பித்தலில் எல்லாம் பூஜ்யம். போதாததற்கு 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட காருக்கு 2000 ரூபாயும் கையிலிருந்துதான் போகும். மிளகுக்காக மூட்டையை அவிழ்த்த கதை.

எதிர்வாதம்: பொட்டு அசிங்கமாகத் தெரியாதா?

தெரியும். இதை மறைக்கக் கூடாது. பல பேர் டச்-அப் பாட்டிலை வாங்கி ஏமாந்து போவது, அது மாயம் செய்யும் என்று எதிர்பார்ப்பதால்தான். கிட்டே போய் மூக்கை வைத்துப் பார்த்தால் பொட்டு தெரியும். ஆறடி தள்ளி நின்றால் தெரியாது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு போன்ற சாதா நிறங்களில் நன்றாகவே ஒத்துப்போகும். மெட்டாலிக் நிறத்தில்தான் தகராறு. அந்தப் பெயிண்டில் மிக நுண்ணிய அலுமினியத் துகள்கள் மிதக்கின்றன. ஸ்ப்ரே செய்யும்போது அவை தட்டையாகப் படுத்து ஒரே மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும். குச்சியால் வைக்கும்போது கன்னாபின்னாவென்று நிற்கும். அதனால் அதே பெயிண்டாக இருந்தாலும் கொஞ்சம் கறுத்தாற்போல் தெரியும். சில பேர்ல் வெள்ளைகளுக்கு அடி நிறம், முத்துப் பூச்சு, கிளியர் என்று மூன்று அடுக்கு வேண்டும்.

ஆனால் இந்த வேலையின் முதல் நோக்கம் துளையை அடைப்பதுதான். நிறம் அடுத்தபடி. கூரை ஒழுகினால் ஓட்டை அடைப்பவர், சிமென்ட் நிறம் பழைய தளத்தோடு சேரவில்லை என்று விட்டுவிடுகிறாரா?

எப்படிச் செய்வது?

முதலில் சரியான நிறம். "வெள்ளை" என்று கேட்டு வாங்கக் கூடாது. வெள்ளையிலேயே டஜன் கணக்கில் உண்டு. ஒவ்வொரு காருக்கும் ஒரு பெயிண்ட் கோட் இருக்கிறது. கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரிலோ, இன்ஜின் பக்கம் உள்ள தகட்டிலோ இருக்கும். டொயோட்டாவின் ஒரு வெள்ளைக்கு 040, ஹோண்டாவின் ஒரு வெள்ளைக்கு என்ஹெச்-578 என்பது போல. அந்தக் கோடைச் சொல்லி வாங்க வேண்டும். நெயில் பாலிஷ் வைத்து ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. வெயிலில் எத்தனை நாள் நிறம் நிற்கும் என்று சொல்ல முடியாது.

நாள் பார்க்க வேண்டும். ஜாதகத்தில் இல்லை, வானத்தில். மழை ஈரம் உள்ள நாளில் பூசினால் பெயிண்ட் வெளுத்துப்போகலாம். சுள்ளென்ற வெயிலில் பூசினால் மேலே மட்டும் காய்ந்து தோலாகும். நிழலில், காய்ந்த நாளில், பானெட் சூடு ஆறிய பிறகு செய்வதே சரி.

ஷாம்பு போட்டுக் கழுவி நன்றாக உலர விட வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு அந்த இடத்தில் உள்ள வேக்ஸ், எண்ணெய்ப்பசையைத் துடைக்க வேண்டும். பெட்ரோலால் துடைக்கும் வழக்கம் வேண்டாம், அது பசையை விட்டுப்போகும், தீ அபாயமும் உண்டு. ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கும் செதிலை எடுத்துவிட வேண்டும். துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளைச் சிறு துண்டாக்கி, அந்தப் புள்ளிக்குள் மட்டும் தேய்த்து நல்ல இரும்பு தெரிய வைக்க வேண்டும். துருவின் மேல் பெயிண்ட் வைத்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

இரும்பு தெரிந்தால் முதலில் ஒரு துளி பிரைமர். அது காய்ந்த பிறகு நிறம். பாட்டிலை ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறமெல்லாம் அடியிலேயே தங்கிவிடும். மூடியோடு வரும் பிரஷ் தடிமனானது. மிளகு அளவு புள்ளிக்கு அதை வைத்தால் புளியங்கொட்டை அளவு பொட்டு விழும். பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்தின் நடுவில் வைத்தால் அது தானே ஓரம் வரை பரவும். ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. மெல்லிய இரண்டு மூன்று துளிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நன்றாகக் காயும் வரை இடைவெளி. கடைசியில் ஒரு துளி கிளியர் கோட்.

சில நாள் ஆறப்போட்ட பிறகு பொட்டு மேடாகத் தெரிந்தால், 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து அதன் தலையில் மட்டும் மெல்லத் தேய்த்து, பாலிஷ் போடலாம். கை நடுங்குகிறவர்கள் இந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் விடுவதே நல்லது. பக்கத்துக் கிளியர் கோட்டைத் தேய்த்துவிட்டால் சின்னப் பிரச்சினை பெரிசாகிவிடும். வேக்ஸ் போட ஒரு மாசம் பொறுக்கலாம்.

இதெல்லாம் புள்ளிக்கும் சின்னக் கீறலுக்கும்தான். தகடு நசுங்கியிருந்தால், துரு உள்ளே பரவிக் குமிழ் விட்டிருந்தால், கை அகலத்துக்குப் பெயர்ந்திருந்தால் ஒர்க்‌ஷாப்தான் கதி. டிங்கரிங், பெயிண்டிங் தொழிலாளர்களின் கைத்திறமை தேவைப்படுவது அங்கேதான். மிளகுப் புள்ளிக்கெல்லாம் அவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கடைசியாக...

பொருளைப் பழுது பார்ப்பதில் இரண்டு மனசு உண்டு. பழுதே நடக்காதது போல் காட்ட நினைப்பது ஒன்று. இருக்கிறதைக் காப்பாற்ற நினைப்பது இன்னொன்று. முதல் மனசுக்குச் செலவு அதிகம், திருப்தி குறைவு, ஏனென்றால் அடுத்த கல் எங்கேயோ ஒரு லாரியில் ஏற்கெனவே ஏறிவிட்டது. இரண்டாவது மனசுக்கு ஒரு பாட்டிலும் பத்து பல்குத்தும் குச்சியும் போதும்.

பாட்டி சேலையில் தைத்த ஒட்டு தெரியத்தான் செய்தது. ஆனால் கிழிசல் அதோடு நின்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தால் போதும். பொட்டு வைக்க வேண்டிய இடம் எப்படியும் நாலாவது கண்ணில் படும்.