கணக்குச் சொல்லாமல் கையேந்தலாமா?

பொதுக் காரியத்துக்கு நம் ஜனங்கள் பணம் கொடுப்பதில்லை என்பதாகத் தோழர்கள் சிலர் ஓயாமல் குறைகூறி வருகின்றார்கள். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. கொடுக்கத் தெரியாத ஜனங்களாயிருந்தால் கோவில் உண்டியல்கள் நிரம்புவதெப்படி? கொடுக்கிற கை இருக்கின்றது. வாங்குகிற கைக்குத்தான் யோக்கியதை போதவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

உண்டியலில் போடுகிறவன் கணக்குக் கேட்பதில்லை. சாமி ரசீது எழுதாது, பதிலும் சொல்லாது என்று அவனுக்குத் தெரியும். சாமியே இல்லையென்று மேடையில் முழங்குகிற நாம், பணம் வாங்கின மறுநாள் முதல் அந்தச் சாமியைப் போலவே வாய் திறவாமலிருந்தால் அதற்குப் பகுத்தறிவு என்றா பெயர்?

கமுதிக்கு இவ்விஷயத்தில் வெளியூரான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1897-ல் இவ்வூர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்பதற்காக இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். அது கீழ்க் கோர்ட்டு, சென்னை ஹைக்கோர்ட்டு, சீமையிலிருந்த பிரிவி கவுன்சில் என்று இழுபட்டு, 1908-ல் நாடார்களுக்கு விரோதமாகவே முடிந்தது. கல்லைப் பார்ப்பதற்கா இவ்வளவு செலவு என்பது வேறு கேள்வி. மனிதனை மனிதன் தடுக்கலாமா என்பதே அங்கு வழக்கு. ஒரு சிற்றூர் வியாபாரிகள் சீமை வரையில் வழக்காடத் துணிந்தார்களென்றால், அவர்கள் மகமை கொடுத்துப் பழகிய சமூகத்தார் என்பதை மறக்கக் கூடாது.

மகமை என்பது என்ன? விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவென்று வியாபாரி பொதுவுக்கு ஒதுக்குவது. உறவின்முறையின் முறைகாரர்கள் அதை வாங்கிக் கணக்கு வைப்பார்கள். கிணறும், பேட்டையும், பள்ளிக்கூடமும் அப்பணத்தில் எழும்பின. 1889-ல் ஏற்பட்ட விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுப் பெண்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பிடியரிசிப் பள்ளிக்கூடத்தில்தான்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கேட்ட தொகை சிறிது, கேட்டது தவறாமல், பணம் என்னவாயிற்றென்பது கொடுத்தவன் கண்ணுக்கெதிரே நின்றது. ஒரு ஜாதி வட்டத்துக்குள்ளேயே அது அடைபட்டிருந்தது பெரிய குறைதான். குறையை விட்டு முறையை எடுத்துக்கொள்ள யார் தடுத்தது?

இன்றைய நமது சங்கங்களைப் பாருங்கள். ஆண்டு விழா வந்தால் ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாய் ஏறுகிறார்கள். விழா முடிந்தால் மறு வருஷம் வரையில் ஆளைக் காணோம். ஆயிரங்களைக் கொடுத்த பிரமுகருக்குத் தட்டியில் ஆளுயரப் படம். மிளகாய் வற்றல் விற்ற காசிலும், கரிமூட்டம் போட்ட கூலியிலும் பத்து ரூபாய் கொடுத்தவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஏழைப் பிள்ளையின் கிழிந்த சட்டையைப் படம் பிடித்துக் காட்டிக் காசு கேட்கும் கேவலமும் நடக்கின்றது. உதவி பெறுகிறவனுக்குச் சுயமரியாதை கிடையாதா? இப்போது செல்போனிலேயே பணம் அனுப்பலாம் என்று சதுரக் கட்டம் போட்ட அட்டையை ஒட்டி வைக்கிறார்கள். பணம் போகிற வழி சுலபமாயிற்று. கணக்கு வருகிற வழிதான் இன்னும் அடைபட்டிருக்கின்றது.

பணம் வந்த அன்றைக்கே ரசீது போக வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை நாலு வரிக் கடிதம் போக வேண்டும்: இவ்வளவு வந்தது, இன்ன புஸ்தகம் வாங்கினோம், இன்ன மாணவிக்குப் பரீட்சைக் கட்டணம் என்று பெயரில்லாமல் இவ்வளவு, மீதி இவ்வளவு, வாடகை பாக்கி இவ்வளவு. நினைத்த காரியம் நடக்கவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். கெளரவம் போய்விடுமென்று பயப்படுகிறவர்கள் வசூலுக்கே புறப்பட வேண்டாம். பத்து ரூபாயும் பதினாயிரமும் ஒரே ஜாபிதாவில், ஒரே எழுத்தில் அச்சாகட்டும்.

ஆகவே தோழர்களே! அடுத்த வசூலுக்குக் கிளம்பும்போது சென்ற வசூலின் கணக்கை அச்சடித்துக் கையிலெடுத்துச் செல்லுங்கள். கொடுக்க மாட்டேனென்று சொன்னவர் வீட்டிலும் ஒரு பிரதி போட்டுவிட்டு வாருங்கள்.