ஃபியூஸ் மேல் ஏனய்யா கோபம்?

பிரிட்டனில் ஃப்ரூட் மெஷின் என்று ஒரு வஸ்து உண்டு. பழக்கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காசு போட்டு பட்டனை அழுத்தினால் மூன்று நான்கு உருளைகள் சுற்றி நிற்கும். செர்ரி, எலுமிச்சை, பிளம் என்று ஒரே படம் வரிசையாக வந்தால் காசு கொட்டும். அமெரிக்காவில் இதையே ஸ்லாட் மெஷின் என்பார்கள். பப், கிளப், கடற்கரை விளையாட்டுக் கூடம் என்று பல வருஷம் உழைத்துக் களைத்த மெஷின்களைச் சிலர் மலிவாக வாங்கி வீட்டு கராஜில் வைத்துக்கொள்கிறார்கள். தன் காசைத் தானே போட்டு, பிறகு பெட்டியைத் திறந்து தானே எடுத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு. யாருக்கும் நஷ்டம் இல்லை :-)

எனவே இந்தப் பதிவு சூதாட்டத்தைப் பற்றியது இல்லை. முப்பது வருஷ மெஷின் ஒருநாள் செத்துப்போனதும் "நான் சரிபண்றேன்" என்று கிளம்புகிறவர்கள் பண்ணும் அட்டூழியத்தைப் பற்றியது. இவர்களில் மூன்று கட்சிகள் உண்டு.

முதல் கட்சி: ஃபியூஸ் விரோதிகள்

ஃபியூஸ் போச்சா? இன்னொன்று போடு. அதுவும் போச்சா? பெரிசாகப் போடு. அதுவும் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்று. நம்மூர் ஃபியூஸ் கட்டையில் கம்பியை நாலு முறுக்கு கூடுதலாகச் சுற்றும் அதே சித்தாந்தம்தான்.

பிரிட்டிஷ் பிளக்கில் ஒரு விசேஷம், பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கும். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 3, 5, 13 ஆம்பியர். வீட்டு டிராயரில் கையில் சிக்குவது பெரும்பாலும் 13. இப்போது ஒரு கணக்கு. மெஷினுக்குள் ஏதோ ஒன்று கெட்டு 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் உருகி விஷயத்தை முடித்துவிடும். 13 போட்டிருந்தால் அது அசையாது. 230 வோல்ட், 8 ஆம்பியர், பெருக்கினால் 1840 வாட்ஸ். ஒரு அயர்ன் பாக்ஸை விட அதிகமான சூடு, காற்று போகாத மரப்பெட்டிக்குள். ராத்திரி எல்லோரும் தூங்கும் நேரத்தில். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

என் வகுப்புத் தோழர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை. வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு, "டேலி ஆயிடுச்சு சார்" என்று நோட்டை மூடினால் தப்பு திருந்திவிடுமா? தப்பு லெட்ஜரில் எங்கேயோ அப்படியே உட்கார்ந்திருக்கும். பெரிய ஃபியூஸும் அதே வேலைதான். வித்தியாசம் என்னவென்றால், நம் லெட்ஜர் தீப்பிடிக்காது.

இன்னொன்று. ஃபியூஸில் ஆம்பியர் மட்டும் பார்த்தால் போதாது. மெஷினுக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடி ஃபியூஸ்களில் 'டி' என்றோ 'எஃப்' என்றோ ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'டி' நிதானமாக உருகும், 'எஃப்' சட்டென்று உருகும். டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும் அந்த நொடியில் அதிகமாக இழுக்கும், அது இயல்பு. 'டி' இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்' போட்டால், பழுது எதுவும் இல்லாமலே ஃபியூஸ் போகும். நம் ஆள் உடனே "இதுக்கு பத்தலை" என்று பெரிசாகப் போடுவார்!

இதே கட்சியில் ஒரு தீவிரவாதப் பிரிவு உண்டு. கசிவு மின்சாரத்தைக் கண்டால் லைனை வெட்டும் ஆர்.சி.டி ட்ரிப் ஆகிறது என்றால், மெஷினின் எர்த் ஒயரையே வெட்டிவிடுவார்கள். ட்ரிப் ஆவது நின்றுவிடும், உண்மைதான். ஆனால் கசிவு போகவில்லை, போகும் வழிதான் போயிற்று. இனிமேல் அது மெஷினின் இரும்புக் கதவிலும் காசு விழும் தட்டிலும் காத்திருக்கும். தட்டில் கை வைக்கப்போவது யார்? பெரும்பாலும் வீட்டுக் குழந்தை. இதை ரிப்பேர் என்று சொல்லாதீர்கள்.

இரண்டாம் கட்சி: போர்டு மாற்றிகள்

இவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். "மெயின் போர்டு போயிருக்கும், வேற போர்டு போடு. சரியாகலையா? பவர் சப்ளையை மாத்து." சரியாகும்வரை ஒவ்வொன்றாக மாற்றுவது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு நியாயம் தெரியும். பப்பில் நிற்கும் மெஷின் செத்தால் ஒவ்வொரு மணி நேரமும் வருமானம் போகிறது. சர்வீஸ் ஆள் வந்து, வண்டியில் இருக்கும் நல்ல போர்டை மாட்டி, கெட்டதைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவார். அங்கே ஒருவர் நிதானமாக மீட்டர் வைத்துப் பார்ப்பார். ஆப்பர்சூனிட்டி காஸ்ட் என்று நாம் படிக்கிறோமே, அதன்படி இது சரியான முடிவு. ஆனால் வீட்டு கராஜில் எந்த வருமானம் போகிறது? உங்களிடம் வண்டி நிறைய ஸ்பேர் இருக்கிறதா? பட்டறை இருக்கிறதா? காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆபத்தும் உண்டு. போர்டுக்கு 5 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டர் கெட்டு, அதிக வோல்டேஜை விட்டதால்தான் முதல் போர்டு செத்தது என்றால், தேடிப்பிடித்து வாங்கிய இரண்டாவது போர்டும் அதே நொடியில் காலி. ஒன்று போய் இரண்டாச்சு!

மூன்றாம் கட்சி: தூக்கிப்போடு

"பழசு சார், இதுக்குப் போய்..." என்பவர்கள். தேய்மானம் கழித்துக் கழித்துப் புத்தக மதிப்பு பூஜ்யம் ஆனால், பொருளும் பூஜ்யம் என்று நினைக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். பார்க்ரெஸ்ட் கம்பெனியின் எம்.பி.யூ.4 போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் சரக்கு. 6809 பிராசஸர், கூடவே 6821 சிப்கள். பெரிய சைஸ் பாகங்கள், கையால் சால்டர் பண்ணலாம். கண்ணால் பார்த்துத் தொடரக்கூடிய சர்க்யூட். இன்று பசை போட்டு ஒட்டி வரும் போனில் இதில் ஒன்றாவது முடியுமா?

சரி, என்னதான் பண்ணச் சொல்கிறாய்?

அளந்து பார்க்கச் சொல்கிறேன். அவ்வளவுதான். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் எர்த் முனைக்கும் மெஷினின் இரும்புப் பாகத்துக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். இது தேறாமல் அடுத்ததற்குப் போகவே கூடாது.

2. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? பவர் சப்ளையிலிருந்து வெளியே போகும் எல்லா கனெக்டரையும் கழற்றுங்கள். லைனில் ஒரு பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பை சீரியஸாக இணையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், ஃபியூஸ் தப்பிக்கும். இல்லையென்றால் ஒரு மின்னு மின்னி மங்கிவிடும். எதையும் மாட்டாதபோதே முழுசாக எரிந்தால் கோளாறு டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர் பக்கம். மங்கினால், மறுபடி பிளக்கைப் பிடுங்கி ஒரு கனெக்டரை மாட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது. எதை மாட்டும்போது பல்பு பளிச்சென்று எரிகிறதோ அந்தப் பக்கம்தான் திருடன்.

3. மெஷின் தானாக ரீசெட் ஆகிறதா? 5 வோல்டை பவர் சப்ளையில் அளக்காதீர்கள், போர்டில் அளந்து பாருங்கள். சப்ளையில் 5.05, போர்டில் 4.6 என்றால் போர்டு நல்ல போர்டு. நடுவில் கறுத்துப்போன கனெக்டர் பின்தான் 0.45 வோல்டைத் தின்கிறது. இந்த வகை சிப்களுக்கு 4.75-க்குக் கீழே போனால் உத்தரவாதம் இல்லை. பின்னை மாற்றுவதற்கு ஆகும் செலவு சில்லறை, போர்டு விலை நோட்டு.

4. விளக்குகளில் ஒரு வரிசை மொத்தமும் எரியவில்லையா? பல்பு வாங்க ஓடாதீர்கள். எட்டு பத்து பல்பு ஒரே நாளில் சொல்லிவைத்துச் சாகாது. அந்த வரிசைக்குப் பொதுவான டிரைவர் டிரான்சிஸ்டரையோ ஒயரையோ பாருங்கள்.

5. உருளை நிற்காமல் சுற்றி எரர் காட்டுகிறதா? மோட்டாரைக் கழற்றும் முன், உருளை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஆப்டோ சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள்.

6. எம்.பி.யூ.4 போர்டில் மெமரிக்காக ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி சால்டர் பண்ணியிருக்கும். வயசானால் கசியும். கசிவது காரம், செப்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். பச்சையாகப் பூத்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்து, வினிகரால் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, ஒவ்வொரு தடத்தையும் மீட்டரில் சோதியுங்கள். இன்னும் கசியவில்லை என்றாலும், கசியும்வரை காத்திருக்காமல் இன்றே மாற்றுங்கள்.

"கரண்ட் விஷயத்தில் காமர்ஸ் பையன் ஏன் தலையிடறே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லு" என்று கேட்பீர்கள். நியாயம். மெயின்ஸ் பக்கம், அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் உள்பக்கம், ட்யூப்லைட் சோக், முக்கியமாக அந்த சீரியஸ் பல்பு வேலை, இதெல்லாம் பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்கவே கூடாது. ஆனால் கூப்பிட்ட ஆளிடம் ஒரு கேள்வி கேட்கும் உரிமை காசு கொடுக்கும் உங்களுக்கு உண்டு: "மீட்டர் எவ்வளவுண்ணே காட்டுச்சு?"

பதிலாக ஒரு எண் வந்தால் தாராளமாகக் காசு கொடுங்கள். "அதெல்லாம் பார்க்க வேணாம் தம்பி, மாத்திட்டா சரியாயிடும்" என்று வந்தால், காபி கொடுத்து அனுப்பிவையுங்கள். ஃப்ரூட் மெஷினுக்கு மட்டும் சொல்லவில்லை, உங்கள் வீட்டு மிக்சி, மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டிஸ்கி: பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் கொஞ்ச நேரம் இருக்கும். அதையும் அளந்துவிட்டுத் தொடுங்கள்.