வாடகை வீட்டில் எதுக்கு சார் செடி?

"சார், மிஞ்சிப் போனா மூணு வருஷம் இருப்பீங்க. எதுக்கு இந்த வேலை?"

புத்தூருக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், பின்கட்டில் கடப்பாரையோடு நின்ற என்னைப் பார்த்து வீட்டுக்காரர் கேட்டது. நியாயமான கேள்விதான். பதினேழு வருஷ பேங்க் உத்தியோகத்தில் ஐந்து ஊர், ஐந்து வாடகை வீடு. அதுவரை நான் வளர்த்தது ஒரே ஒரு துளசித் தொட்டி. "சொந்த வீடு வரட்டும், அப்புறம் தோட்டம்" என்று மாயவரத்துக் கொல்லையை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியாச்சு. மும்பையிலும் மஸ்கட்டிலும் இருக்கும் நம் ஜனங்கள் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்கிறோம். அது சுத்தத் தப்பு என்பது என் கட்சி.

புத்தூர் என்றதும் எலும்பு முறிவுக் கட்டுதான் ஞாபகம் வரும். அதே புத்தூர்தான். 1960இல் எல்லை பிரித்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, இது ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. கடைத்தெருவில் தமிழை வைத்தே சமாளிக்கலாம், நர்சரியில் மட்டும் முடியாது. மந்தாரைக் கன்று கேட்டேன், செம்பருத்தியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தெலுங்கில் மந்தாரம் என்றால் செம்பருத்தியாம். ஆறு மாசம் கழித்துப் பூத்த பிறகுதான் விஷயம் புரிந்தது :-) தங்கமணி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

இந்த ஊர் வெயில் பொல்லாதது. ஆனால் மல்லிக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. பங்குனி பிறந்தால் சாயங்காலம் கொல்லைக் கதவைத் திறக்கும்போதே வாசனை முட்டும். வீட்டுக்காரரின் அம்மா (எல்லோருக்கும் அவ்வா) தினம் ஒரு டம்ளர் நிறையப் பறித்துக்கொண்டு போவார். செம்பருத்தியில் தேன்சிட்டு வரும். பூவுக்குள் தலையை விடாமல் பின்பக்கமாகத் துளை போட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போகும். ஜாமீன் இல்லாமல் லோன் வாங்குகிற ஆசாமி மாதிரி.

கறிவேப்பிலைக் கதை தனி. இலையில் காக்கை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தட்டப் போனால் அசைகிறது! புழு. நாலு நாளில் பச்சையாகிக் குண்டாகிவிட்டது. தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொம்பு நீட்டி நாற்றம் விடுகிறது. "மருந்து அடிங்க சார்" என்றார் வீட்டுக்காரர். அடிக்கவில்லை. பாதிச் செடி மொட்டையாகி, ரசத்துக்கு இலை கடையில் வாங்கினோம். பிறகு ஒரு காலையில் கூட்டைப் பிளந்துகொண்டு எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து, இறக்கை காயும்வரை அங்கேயே தொங்கியது. பள்ளிக்கு நேரமாவதையும் மறந்து என் பெண் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து ரூபாய் கறிவேப்பிலைக்கு இது மோசமான பேரமா என்ன?

ஐப்பசி மழை தொடங்கும் முன்னே இன்னொரு விருந்தாளி. ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் விசில் அடிப்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கட்டை வால். கோடையில் வடக்கே, இமயமலை அடிவாரம் வரைக்கும் போய்க் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வருகிறது. சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் பறவை. சருகைப் பெருக்கித் தள்ளி, தரைக்கு சிமென்ட் போட்ட வீட்டில் அதற்கு என்ன வேலை? அதுவும் நம்மைப் போல மாற்றலில் வரும் ஜீவன்தான், தங்கும் ஊரில் அதற்கும் நாலு அடி மண் வேண்டியிருக்கிறது.

சிமென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாசம் வீட்டுக்காரர் பின்கட்டு முழுக்க டைல்ஸ் போட்டுவிடப் போவதாகச் சொன்னார். பாம்பு பயம், குப்பை, கார் நிறுத்த இடம் என்று காரணம் அடுக்கினார். பாம்பு பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். சாரை ஒன்று வந்தது நிஜம், தங்கமணி இரண்டு நாள் கொல்லைப்பக்கமே போகவில்லை. ஆனால் 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஆறாக ஓடியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். பெய்கிற மழையைக் குடிக்க ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் மண்ணாவது வேண்டாமா?

அவரிடம் அனந்தாழ்வான் கதையைச் சொன்னேன். எதிர்வீட்டுக் கதை மாதிரி அவருக்கே தெரிந்ததுதான். திருமலையில் பூக் கைங்கரியம் செய்ய யார் போவீர்கள் என்று ராமானுஜர் கேட்டபோது, குளிருக்கு அஞ்சாமல் எழுந்த ஒரே ஆண்பிள்ளை. கர்நாடகப் பக்கத்துச் சிறுபுத்தூர்க்காரர் என்பார்கள் (அதுவும் ஒரு புத்தூர்!). வெளியூர்க்காரர் வந்து வெட்டிய நந்தவனம் அது. அவருடைய கடப்பாரை என்று கோயில் மகாத்துவாரத்தில் இன்றும் காட்டுகிறார்கள். மலையிறங்கியபோது கட்டுச்சாதத்தில் எறும்பு இருந்ததாம், மலையிலேயே வாழ ஆசைப்பட்ட எறும்புகளோ என்னவோ என்று திரும்ப ஏறிக் கொண்டுபோய் விட்டாராம். நடந்ததோ இல்லையோ, தோட்டக்காரன் மனசு தெரிகிற கதை.

வீட்டுக்காரர் சிரித்தார். மசியவில்லை. கடைசியில் காரியத்தை முடித்தது அவ்வாதான். "மல்லெச் செடியைத் தொட்டா நான் சின்னவன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று ஒரே வார்த்தை. கார் நிற்க முன்பக்கம் டைல்ஸ், பின்பக்கம் மண் என்று பைசல் ஆயிற்று.

எனக்கு ஏப்ரலில் மாற்றல் உத்தரவு வரலாம். மல்லிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர், கறிவேப்பிலைக்கு ஏன் மருந்து கூடாது என்றெல்லாம் என் பெண் ஒரு நோட்டில் தெலுங்கில் எழுதிக்கொண்டிருக்கிறாள், அவ்வாவிடம் கொடுக்க. இந்தத் தடவை நிஜமான மந்தாரைக் கன்று ஒன்று கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழி வெட்ட வேண்டும்.