மிரட்டல் மெயிலில் உங்கள் பாஸ்வேர்டு: பணம் கேட்டால் என்ன செய்வது?

‘இதுதானே உங்கள் பாஸ்வேர்டு? உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏற்றியிருக்கிறேன். நீங்கள் ஆபாசத் தளம் பார்த்ததை வெப்கேமராவில் பதிவு செய்துவிட்டேன். ஒரே நாளில் பிட்காயின் வராவிட்டால், வீடியோ உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போகும்.’

இந்த ரீதியில் ஒரு மெயில் வந்தால் யாருக்கும் கை நடுங்கும். காரணம், அதில் இருக்கும் பாஸ்வேர்டு உண்மையானது. ‘இது சரின்னா, மத்ததும் சரியாத்தானே இருக்கும்’ என்று மனம் நம்பிவிடுகிறது. மோசடிக்காரரின் மூலதனமே அந்த நம்பிக்கைதான்.

பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது?

பெரும்பாலும் அது உங்கள் கம்ப்யூட்டரில் இருந்து எடுக்கப்பட்டதல்ல. எப்போதோ கணக்கு தொடங்கிய ஏதோ ஓர் இணையதளத்தில் இருந்து கசிந்தது. உதாரணமாக, 2012-ல் லிங்க்ட்இன் தளத்தில் தகவல் திருட்டு நடந்தது. அப்போது வெளியே தெரிந்தது சுமார் 65 லட்சம் பாஸ்வேர்டுகள் மட்டுமே. 2016-ல்தான், சுமார் 11.7 கோடி பேரின் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் விற்பனைக்கு வந்தன. அவை சங்கேத வடிவில் இருந்தாலும், பாதுகாப்பு பலவீனமாக இருந்ததால் பெரும்பாலானவற்றை எளிதில் உடைக்க முடிந்தது.

இப்படி ஒரு பட்டியல் கையில் இருந்தால், ஒவ்வொருவரின் பாஸ்வேர்டையும் அவரவர் மெயிலில் பொருத்தி லட்சக்கணக்கானோருக்கு அனுப்ப ஒரு சின்ன புரோகிராம் போதும். நீங்கள் யார் என்பதே அனுப்பியவருக்குத் தெரியாது.

2018 ஜூலையில் இத்தகைய மெயில்கள் பெருமளவில் பரவின. மிரட்டிப் பணம் பறிப்பது குறித்து அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்புக்கு அந்த ஆண்டு 51,146 புகார்கள் வந்தன. இது முந்தைய ஆண்டைவிட 242 சதவீதம் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை இந்த வகை மெயில்கள் பற்றியவை.

வீடியோ உண்மையிலேயே இருக்குமா?

இருந்தால், அதில் இருந்து ஒரு படத்தையாவது அனுப்பியிருப்பார்கள். பழைய பாஸ்வேர்டைக் காட்டுவதே வேறு ஆதாரம் இல்லை என்பதால்தான். சில மெயில்கள் உங்கள் முகவரியில் இருந்தே வந்ததுபோலத் தெரியும். அதுவும் ஹேக்கிங்குக்கு அத்தாட்சி அல்ல. தபால் உறையில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் அல்லவா, அதுபோலத்தான்.

எனவே பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பிய பிட்காயினைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். பதிலும் போட வேண்டாம். இணைப்புகளைத் திறக்கவும் வேண்டாம்.

அழித்துவிட்டால் போதுமா?

போதாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மிரட்டல் பொய், ஆனால் கசிவு நிஜம். அதே பட்டியலை வைத்திருக்கும் இன்னொருவர், மிரட்டாமலேயே அந்த பாஸ்வேர்டை ஜிமெயிலிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டுப் பார்ப்பார். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவர் அதில் மாட்டிக்கொள்வார்.

அந்த பாஸ்வேர்டு இன்னும் எங்கெல்லாம் பயன்பாட்டில் இருக்கிறதோ, அங்கெல்லாம் உடனே மாற்ற வேண்டும். முதலில் மெயில் கணக்கு. மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி அதன் மூலம்தான் போகிறது. இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுவது நல்லது. எந்தத் தளத்தில் இருந்து கசிந்தது என்பதை, ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்டு’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எப்போது போலீஸுக்குப் போக வேண்டும்?

உங்கள் உண்மையான படமோ வீடியோவோ வந்தால், அல்லது முன்பின் தெரியாதவருடன் வீடியோ காலில் பேசிய பிறகு மிரட்டல் வந்தால், அது வேறு விஷயம். அப்போதும் பணம் கொடுக்கக் கூடாது. ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் செய்யலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

‘வீட்டுல தெரிஞ்சா மானம் போயிடும்’ என்ற பயத்தில் தனியாக முடிவெடுப்பவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள். நம்பகமான ஒருவரிடம் மெயிலைக் காட்டினாலே, பாதி பயம் போய்விடும்.