துண்டுக்கடியில் ஒரு விலை

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மூர் மார்க்கெட்டுக்குப் போன தலைமுறையைச் சேர்ந்தவர். 1985 மே மாதத் தீயில் மூர் மார்க்கெட் அழிந்தபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ்களில் பெரும்பகுதி அவரிடம் இருந்தது. 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை வெளிவந்த 119 இதழ்களில் பத்தோ பன்னிரண்டோதான் குறை. ‘கசடதபற’ இதழ்கள் சில, 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ முதற்பதிப்பு ஒன்று, இவையும் உண்டு.

அவர் காலமான பிறகு ஒருநாள் அவருடைய மனைவி என்னை அழைத்துவரச் செய்தார். பழைய நூல் வணிகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்லிப் போயிருக்கிறார். “இதுக்கெல்லாம் என்ன வெல வரும்னு நீங்கதான் சொல்லணும் தம்பி. நீங்க படிச்சவங்க” என்றார் அந்த அம்மா.

தமிழிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ‘எழுத்து’ புதுக்கவிதைக்குச் செய்தது என்ன என்று இரண்டு மணி நேரம் பேச என்னால் முடியும். அதன் விலை என்ன என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இணையத்தில் தேடினேன். ஒருவர் ஒற்றை இதழுக்கே ஆயிரக்கணக்கில் கேட்டிருந்தார். இன்னொருவர் ஓராண்டுத் தொகுப்பையே சில நூறுகளுக்குத் தருவதாக அறிவித்திருந்தார். இவை எல்லாம் கேட்ட விலைகள். விற்ற விலையை எங்கும் காணவில்லை. முகநூல் குழுக்களிலும் வாட்ஸப் குழுக்களிலும் இந்த வணிகம் நடக்கும் முறை இலக்கிய அன்பர்கள் அறிந்ததுதான். அட்டைப் படம் வரும். கீழே ‘விலைக்குத் தனிச்செய்தியில் வரவும்’ என்றிருக்கும். சில மணி நேரத்தில் ‘விற்றாயிற்று’ என்ற ஒற்றைச் சொல் வரும். விலை போட்டிருந்தாலும் விற்றவுடன் அது அழிக்கப்பட்டிருக்கும்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் பேரம் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. இருவர் கைகளுக்கும் மேல் ஒரு துண்டு கிடக்கும். அதற்கடியில் விரல்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொகையைச் சொல்லிக்கொள்ளும். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் அந்த மாடு என்ன விலைக்குப் போயிற்று என்பது இருவருக்குத்தான் தெரியும். நம் நூல் சேகரிப்பாளர்கள் கணினியையும் கைபேசியையும் கொண்டு செய்திருப்பது அந்தத் துண்டை இன்னும் அகலமாக நெய்தது மட்டுமே.

நான் வாழும் இந்தக் கடற்கரையின் வழக்கம் வேறு. இராயபுரத்தைக் கடந்து காசிமேட்டுத் துறைமுகத்துக்கு விடியுமுன் போனால் ஏலத்தைக் காணலாம். கூடைகளில் வஞ்சிரமும் சங்கராவும் வந்து இறங்கும். ஏலம் கூறுபவர் தொகையை உரக்கக் கூவுவார். எடுத்தவருக்கு மட்டுமல்ல, எடுக்காமல் நின்றவருக்கும் கூடை எவ்வளவுக்குப் போயிற்று என்பது தெரியும். அடுத்த கூடைக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதை அந்தக் காதில் விழுந்த தொகையைக் கொண்டே ஒரு மீன்காரப் பெண் கணக்கிடுவாள். அவளுக்குக் கல்லூரிப் படிப்பு தேவைப்படவில்லை. நெய்தல் நிலத்தில் இது பழைய வழக்கந்தான். அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் ஒருத்தி, நெல்லும் உப்பும் சரிக்குச் சரி என்று தெருவறியக் கூறிக்கொண்டுதான் போகிறாள்.

விலை பலர் காதில் விழுவதால் என்ன நேர்கிறது என்பதற்கு மீனிலேயே ஒரு சான்று உண்டு. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் வட கேரளக் கடற்கரையின் மத்திச் சந்தைகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1997க்கும் 2001க்கும் இடையில் அங்கே செல்பேசி வந்தது. எந்தக் கரையில் என்ன விலை என்பதைப் படகில் இருந்தபடியே மீனவர்கள் கேட்டறிந்தனர். ஊருக்கு ஊர் இருந்த விலை வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. வாங்க ஆளின்றி மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது, வாங்கியோர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. விலையை அறிந்ததால் விற்றவர், வாங்கியவர் இருவருமே பயனடைந்தார்கள் என்பது இதில் கவனிக்கத்தக்கது.

சேகரிப்பாளர் உலகிலும் இதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. ஏலத்தில் போன நூல்களின் விலைகளைத் தொகுத்துத் தந்த ‘அமெரிக்கன் புக் பிரைசஸ் கரண்ட்’ என்ற ஆண்டுத் தொகுதி 1890களிலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. இசைத்தட்டுகளுக்கான ‘டிஸ்காக்ஸ்’ தளத்தில் ஒரு தட்டு இதுவரை விற்ற குறைந்த விலை, நடு விலை, உயர்ந்த விலை மூன்றையும் பார்க்கலாம். இளையராஜாவின் பழைய இசைத்தட்டுக்கு அங்கே விலை வரலாறு உண்டு. செல்லப்பா தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோய் விற்ற நூல்களுக்கு நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ‘ஈபே’ தளத்தில் விற்றுப்போனவற்றின் விலையை மூன்று மாதம் வரை எவரும் தேடிப் பார்க்கலாம். அங்கும், பேரம் பேசி முடித்த பொருளுக்குக் கேட்ட விலையை அடித்துக் காட்டுவார்களே தவிர முடிந்த விலையைக் காட்டமாட்டார்கள். துண்டு அங்கேயும் கொஞ்சம் எஞ்சியிருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவன சில உண்டு. வாங்கியவரின் அந்தரங்கம் என்ன ஆவது என்பது ஒன்று. வாங்கியவர் பெயரை யாரும் கேட்கவில்லை. நூலின் பெயர், பதிப்பாண்டு, நிலை, விற்ற தொகை, மாதம் ஆகிய ஐந்தும் போதும். வணிகர் ஊர் ஊராக அலைந்து எடைக்குப் போகவிருந்த தாள்களை மீட்கிறாரே, அவர் பிழைக்க வேண்டாமா என்பது இன்னொன்று. கட்டாயம் பிழைக்க வேண்டும். பழைய பேப்பர்க் கடையிலிருந்து அவர்கள் மீட்டுத் தந்தவை இல்லையென்றால் நம் ஆய்வேடுகள் பலவற்றுக்குச் சான்றுகளே இருந்திருக்கா. அந்த உழைப்புக்கான பங்கை வெளிப்படையாகக் கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

விலை வெளியே தெரிந்தால் எல்லாம் ஏறிவிடும், ஏழை மாணவன் எதை வாங்குவான் என்று கேட்பவர்களும் உண்டு. வாசிக்க விரும்பும் மாணவனுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. விலையை ஏற்றுவது விற்ற விலை அன்று, கேட்ட விலையே. ஆயிரக்கணக்கில் கேட்டு ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கும் அறிவிப்பைப் பார்த்துத்தான், பரணில் இருப்பதெல்லாம் தங்கம் என்று சில வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். தாள் செல்லரித்துப் போகும்வரை யாருக்கும் தருவதில்லை. எந்த விலையும் தெரியாத வீடுகளிலோ அவை எடைக்குப் போகின்றன. இரண்டு வகையிலும் அழிவது நூல்தான்.

ஓர் எதிர்வாதம் மட்டும் வலுவானது. அரிய நூல் பத்தாண்டில் ஒருமுறை கைமாறும். அந்த ஒற்றை விலையை வைத்து எதை முடிவு செய்வது? இதை என்னிடம் சொன்னவர் அந்த வணிகர்தான்.

இனி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையக் குழு ஒன்றில் ‘எழுத்து’ 1961ஆம் ஆண்டுத் தொகுப்பை நான் வாங்கினேன். பணம் அனுப்பியதும் விற்றவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: “விலையை எடுத்துவிடுங்கள்.” வீட்டில் தெரிய வேண்டாம் என்பது ஒரு காரணம். அடுத்த தொகுப்பை வைத்திருப்பவர் விழித்துக்கொள்ளக் கூடாது என்பது உண்மையான காரணம். அவரும் மகிழ்ச்சியோடு எடுத்துவிட்டார். என்னைப் போல எத்தனை பேர் அப்படிக் கேட்டார்களோ, அவ்வளவு விலைகள் அழிந்தன. அந்த அம்மா வந்து நின்றபோது அவருக்குத் தேவைப்பட்டவை அவைதாம்.

நான் கொடுத்த தொகையை வணிகர் முன்னிலையில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “ஒருத்தர் ஆசைப்பட்டுக் குடுத்தது வெலை ஆகுமா சார்?” என்றார். அதற்கு மறுமொழி சொல்ல என் கையில் இரண்டாவது விலை இல்லை. அந்த அம்மா அவர் தந்த நோட்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் அந்தத் தொகுப்பு இணையத்தில் வந்தது. ‘விலைக்குத் தனிச்செய்தி.’ மறுநாள் ‘விற்றாயிற்று.’

அவர் ஏமாற்றப்பட்டார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஏமாற்றப்படவில்லை என்று அவருக்கு ஆறுதல் சொல்லவும் வழியில்லை. அந்த வணிகர் நியாயமாகவே நடந்திருக்கலாம். அதை அவராலும் மெய்ப்பிக்க முடியாது. துண்டுக்கடியில் நடந்த பேரத்தில் நேர்மையானவனுக்கும் மற்றவனுக்கும் ஒரே முகந்தான்.

விற்பவர்கள் தாமாக மாறுவார்கள் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. வாங்குகிற நாம் தொடங்கலாம். வாங்கியபின் விலையை எடுக்கச் சொல்லாமல் இருக்கலாம். எடுத்துவிட்டார்கள் என்றால் நாமே எழுதி வைக்கலாம். பத்துப் பேர் பத்து விலைகளை எழுதினால், அடுத்த முறை ஒரு வீட்டில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் கேட்கும்போது, சொல்வதற்கு நம்மிடம் ஏதாவது இருக்கும். முதல் பதிவு என்னுடையதாக இருக்கட்டும்:

‘எழுத்து’, 1961ஆம் ஆண்டுத் தொகுப்பு. பைண்டு செய்தது. இரண்டு இதழ்களுக்கு மேலட்டை இல்லை, ஓரங்களில் பூச்சியரிப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதம். 1,800 ரூபாய்.